வீராவின் முகம்

தொண்ணூறுகளின் பிற்பாதியிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் ஜொகூர் சாலைகளில் ஒரு முகம் திரும்பத் திரும்ப எதிரே வரும். அகலமாகத் திறந்த வாய், அதன் இரு பக்கமும் காற்றுத் துளைகள், பின்னால் உயர்ந்து நிற்கும் இறக்கை. பெயர் ‘எவோ 3’. உடம்போ புரோட்டோன் வீரா. நிறுத்தி வைத்திருக்கும்போது குனிந்து அந்த வாய்க்குள் பார்த்தால் வலைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அசல் மிட்சுபிஷி லான்சர் எவோலூஷனில் அந்த இடத்தில் இன்டர்கூலர் இருக்கும். டர்போ அழுத்தி அனுப்புகிற சூடான காற்றைக் குளிர்விப்பது அதன் வேலை. வீராவில் டர்போ கிடையாது, குளிர்விக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் வாய் மட்டும் திறந்திருக்கும்.

‘சும்மா ஷோ’ என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். உண்மையான எவோ வைத்திருப்பவன் இன்னும் சத்தமாகச் சிரிப்பான். தோட்டத்திலிருந்து வந்த பையன் அந்தக் காடியை ஓட்டினால் சிரிப்போடு கொஞ்சம் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். அந்தக் காலியிடம் எப்படி உண்டானது என்று பார்க்கப் போனால் மலேசியக் கார்த் தொழிலின் வரலாறே அதற்குள் கிடக்கிறது.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

புரோட்டோன் நிறுவனம் 1983 மே மாதம் தொடங்கப்பட்டது. ஹைகோம் என்ற அரசு நிறுவனத்துக்கு 70 விழுக்காடு, மிட்சுபிஷியின் இரு நிறுவனங்களுக்குத் தலா 15 விழுக்காடு. 1985 ஜூலையில் முதல் காடி சாகா வெளிவந்தது. அதன் அடியுடலும் இயந்திரமும் மிட்சுபிஷி லான்சர் பியோரேயினுடையவை. முகப்புச் சின்னமும் பெயரும் நம்முடையவை. சாகா என்பது ஒரு மரத்தின் சிவப்பு விதை. தமிழில் ஆனைக்குன்றிமணி, மஞ்சாடி என்கிறோம். எடை பார்க்கப் பொற்கொல்லர்கள் பயன்படுத்திய விதை அது.

அடுத்து வந்த பெயர்களைத் தமிழ்க் காதுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1993இல் வீரா, 1994இல் சத்ரியா, 1995இல் பெர்டானா, 1996இல் புத்ரா. வீரன், சத்திரியன், பிரதானம், புத்திரன். மலாய் மொழி எப்போதோ எடுத்து வைத்துக்கொண்ட வடசொற்கள் காடிகளின் பின்புறத்தில் ஒட்டப்பட்டு ஓடின.

வீராவின் பிறப்பையும் எவோவின் பிறப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1991இல் மிட்சுபிஷி புதிய லான்சரை ஜப்பானில் வெளியிட்டது. சாதாரணக் குடும்பக் காடி. அடுத்த ஆண்டே அதே உடலுக்குள் இரண்டு லிட்டர் டர்போ இயந்திரத்தையும் நாற்சக்கர இழுவையையும் பொருத்தி ‘எவோலூஷன்’ என்று விற்றது. காரணம் ரேலி விதி. ‘குரூப் ஏ’ பிரிவில் பந்தயம் ஓட விரும்பும் நிறுவனம் அதே காடியைக் குறைந்தது 2,500 எண்ணிக்கையில் செய்து பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். பந்தயக் காடி கடைக் காடியிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்பது விதியின் நோக்கம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1993இல், அதே லான்சர் மலேசியாவுக்கு வந்து வீரா ஆனது. ஆக, வீராவும் எவோவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒருவனுக்குச் சுமார் 90 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் இயந்திரம் வாய்த்தது. 1995இல் வந்த எவோ 3க்கு 270. ஒருவன் உலக ரேலிக்குப் போனான். டாமி மாக்கினன் 1996 உலகப் பட்டத்தை எவோ 3இல்தான் வென்றார். இன்னொருவன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஷா ஆலாமிலும் பாசிர் கூடாங்கிலும் தொழிற்சாலைக்குப் போனான்.

அண்ணன் தம்பி என்பதால் சட்டை பொருந்தியது. வீராவுக்கு எவோ முகம் வைப்பது எளிதாக இருந்ததற்கு இதுதான் காரணம். பம்பர் மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. முழு முகம் வேண்டும் என்பவர்கள் முகப்பு விளக்கு, கிரில், பானட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவார்கள். வேறொரு நிறுவனத்துக் காடிக்கு இதைச் செய்யப் போனால் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். வீராவுக்கு அவ்வளவு சிரமமில்லை.

எல்லா வாசலிலும் ஒரே காடி

ஏன் முகத்தை மாற்றத் தோன்றியது? ஆசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆசைக்கு ஒரு பொருளாதாரம் இருந்தது.

தேசியக் காடியைக் காப்பாற்ற அரசு வெளிநாட்டுக் காடிகளுக்குக் கடும் வரி விதித்தது. முழுதாக இறக்குமதி செய்ய ஏ.பி. என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அதனால் நடுத்தர, கீழ் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டியது புரோட்டோன், 1994க்குப் பிறகு பெரோடுவாவின் கஞ்சில். தாமான் வீட்டு வரிசையில் நின்று பார்த்தால் வீடுகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வாசலில் நிற்கும் காடியும் ஒன்றுபோலவே இருக்கும். பேரங்காடி நிறுத்துமிடத்தில் தன் காடி எது என்று எண் பலகையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழகத்தில் வளர்ந்தவர்களுக்கும் இது புதிதல்ல. மூடிய சந்தையில் பல பத்தாண்டுகள் ஓடிய அம்பாசிடர் உண்மையில் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. ‘மார்க் 2’, ‘மார்க் 3’ என்று வந்தபோது கண்ணில் பட்ட பெரிய மாற்றம் கிரில்தான். பத்மினி இத்தாலியின் ஃபியட் 1100. சென்னைக்குப் பக்கத்தில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு கெசல், டிரையம்ப் ஹெரால்டின் வழித்தோன்றல். வாங்குபவனுக்குத் தேர்வு இல்லாத இடத்தில் அலங்காரம் பெருகுகிறது. அங்கே ஜன்னல் திரை, டேஷ்போர்டில் சாமி, பின்கண்ணாடியில் வாசகம். இங்கே பாடிகிட்.

ஜொகூருக்கென்று இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எல்லை. 1997 நிதி நெருக்கடிக்குப் பிறகு ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு இரண்டு ரிங்கிட்டைத் தாண்டியது. அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போன இளைஞர்கள் கையில் அதுவரை தோட்டத்துக் குடும்பங்கள் பார்த்திராத பணம் புழங்கியது. எதிர்த்திசையில் சிங்கப்பூர்க்காரர்கள் குறைந்த கூலிக்குச் சாயம் அடிக்கவும் தட்டி நிமிர்த்தவும் ஜொகூர்பாருவுக்கு வந்தார்கள். தெப்ராவ், ஜொகூர் ஜெயா, ஸ்கூடாய் பக்கங்களில் பட்டறைகள் இரண்டு வகை வாடிக்கையாளர்களையும் வைத்து வளர்ந்தன.

இரண்டாவது காரணம், தோட்டம். ரப்பர் செம்பனையாக மாறி, செம்பனைக் காடும் பல இடங்களில் தொழிற்பேட்டையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிய மாநிலம் இது. லயத்து வீட்டைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் மாசாய், உலு திராம், கூலாய், ஸ்கூடாய் என்று மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. தாத்தா நடந்து போனார், அப்பா சைக்கிளில் போனார். மகன்தான் முதல் காடி வாங்கினான், அதுவும் வருடக்கணக்கான தவணைக் கடனில். கடன் முடியும்வரை காடி பேங்க்கினுடையது. இயந்திரம் மிட்சுபிஷியினுடையது. பெருமை நாட்டினுடையது. அவன் கைக்கு எட்டியது பம்பர் மட்டும்தான்.

ஃபைபர் பட்டறை

எவோ பம்பர் இரண்டு வழியில் கிடைத்தது. முதல் வழி ‘ஹாஃப்-கட்’. ஜப்பானில் பழைய காடிகளுக்கான கட்டாயச் சோதனை செலவு பிடிக்கும் விஷயம். ஓடுகிற நிலையிலேயே பல காடிகள் கழித்துக் கட்டப்படும். முழுக் காடியாக இங்கே கொண்டுவர ஏ.பி. வேண்டும், பாதியாக வெட்டினால் அது உதிரிப்பாகம். இப்படி நடுவில் அறுக்கப்பட்ட காடிகள் கொள்கலன்களில் வந்து இறங்கின. முன்பாதிக்குள் இயந்திரமும் கியர்பெட்டியும் இருக்கும், வெளியே முகம் இருக்கும். பணக்காரன் இரண்டையும் வாங்கினான். மற்றவன் முகத்தை மட்டும் வாங்கினான். 2009இல் வெளியான வாகனக் கொள்கை மறுஆய்வு, 2011 ஜூனுக்குள் பழைய உதிரிப்பாக இறக்குமதியை நிறுத்தப்போவதாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பி அது தள்ளிப்போனது. அந்தத் தொழிலை நம்பி எத்தனை பட்டறைகள் இருந்தன என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது வழி ஃபைபர். ஓர் அசல் பம்பரை மெழுகு தடவி அதன்மேல் அச்சு எடுப்பார்கள். பிறகு அச்சுக்குள் ஜெல்கோட் பூசி, கண்ணாடி நார்ப் பாய்களை அடுக்கி, கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த பாலியெஸ்டர் பிசினைத் தூரிகையால் அழுத்தி அழுத்தித் தோய்ப்பார்கள். இறுகியதும் கழற்றி, ஓரம் அறுத்து, புட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்துச் சாயம் ஏற்றுவார்கள். நாரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி தோலில் ஒட்டினால் ராத்திரி முழுக்க அரிக்கும். பிசினின் வாடை பட்டறைக்கு நாலு கடை தள்ளியும் வரும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைச் செய்தவர்களில் நம் பையன்களும் உண்டு.

பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் ஃபைபர் பம்பர் எதுவும் கச்சிதமாக உட்காராது. தேய்த்து, இழுத்து, திருகி உட்கார வைக்க வேண்டும். அசல் பம்பரிலிருந்து எடுத்த அச்சு ஒருவகை. நகலிலிருந்து எடுத்த அச்சு இன்னொருவகை. நகலின் நகலில் விளிம்புகள் மழுங்கும், துளைகள் வட்டம் இழக்கும். விவரம் தெரிந்தவன் பார்த்தவுடன் ‘இது மூணாவது கை’ என்று கண்டுபிடித்துவிடுவான். தொழிற்சாலை பம்பர் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். மெல்ல இடித்தால் உள்வாங்கி மீண்டும் வெளிவரும். ஃபைபர் உள்வாங்காது. கீறும், உடையும். ஒரு வாசல்படி போதும்.

காற்றியல் கணக்கிலும் வீராவுக்கு இதனால் லாபம் குறைவு. பின் இறக்கை வேகத்தில் பின்சக்கரங்களைத் தரையில் அழுத்துவதற்கானது. நாற்சக்கர இழுவை கொண்ட எவோவுக்கு அது பயன்படும். வீராவை இழுப்பது முன்சக்கரங்கள். சாலை வேகத்தில் இறக்கை கூட்டுவது எடையையும் காற்றுத்தடையையும்தான். வாங்கியவனுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டு வேட்டியை வெயிலுக்கு ஏற்ற உடையா என்று யாரும் கேட்பதில்லை.

செம்பனைக்குள் ரேலி

இந்தக் கதையில் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது ரேலி நடந்த இடம். ஆசிய பசிபிக் ரேலி தொடரின் மலேசியச் சுற்று, 2010களில் பல ஆண்டுகள் ஜொகூர்பாருவை மையமாகக் கொண்டு நடந்தது. ஓடிய பாதைகள் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகள். மழை பெய்தால் சேறு, காய்ந்தால் புழுதி. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வேலைக்கு நடந்து போன அதே மாதிரிப் பாதைகள். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் அணியும் இங்கே வந்து ஓடியது. அந்த அணியின் கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றார்.

எவோவின் அகன்ற வாய் இப்படிப்பட்ட பாதைகளுக்காக உண்டானது. இயந்திரத்துக்கும் பிரேக்குக்கும் காற்று வேண்டும் என்பதற்காகத்தான் எவோ 3இன் முகப்பைப் பெரிதாகத் திறந்தார்கள். மண் பாதையில் ஓடும் ரேலி காடி தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். பள்ளமும் வேரும் கல்லும் அதை ஒன்றும் செய்யாது.

நம் பையனின் வீரா அப்படி இல்லை. எவோ முகம் வைத்த கையோடு ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தியும் விடுவான். லிப்பும் பக்கப் பலகையும் தரையைத் தொடுகிற மாதிரி இருந்தால்தான் அழகு. தாமான் வேகத்தடையை ஏறக் காடியைக் குறுக்காகத் திருப்பி அங்குலம் அங்குலமாக நகர்த்துவான். இன்னும் லயத்தில் இருக்கும் பாட்டியைப் பார்க்கவோ தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கோ போனால் பெரிய சாலையிலேயே காடியை நிறுத்திவிட்டு உள்ளே நடந்துதான் போக வேண்டும். தோட்டத்துப் பாதையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட முகத்தை மாட்டிக்கொண்ட காடி, தோட்டத்துக்குள் நுழைய முடியாத காடியாகிவிட்டது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய தலைமுறையின் நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் பொருள் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி உலக மேடையில் நடந்தது. 2002இல் மலேசியரான கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், உற்பத்திக் காடிகளுக்கான உலக ரேலி பட்டத்தை வென்றார். ஆசியக் கண்டத்தவர் ஒருவருக்கு இது பெரும் சாதனை. அவர் ஓட்டிய காடியின் பெயர் ‘புரோட்டோன் பெர்ட்’. உள்ளே அது மிட்சுபிஷி லான்சர் எவோலூஷன்தான், புரோட்டோன் சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதும்தான். திறமை ஓட்டியவருடையது, சின்னம் யாருடையது என்பதால் அது குறையவில்லை.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எவோவுக்குப் புரோட்டோன் சின்னம் ஒட்டினால் தேசப் பெருமை. புரோட்டோனுக்கு எவோ முகம் ஒட்டினால் போலி.

யார் மாற்றலாம்?

சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதற்கு முந்திய 1959 மோட்டார் வாகனக் கட்டுமான விதிகளும்தான் அடிப்படை. இயந்திரத்தை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் ஜே.பி.ஜே. பதிவில் மாற்ற வேண்டும். பம்பர் அந்த அளவுக்குத் தெளிவான விஷயமில்லை. அதனால் சாலைத் தடுப்பில் நிற்கும்போது பாதி தீர்ப்பு அதிகாரியின் கண்ணில்தான் இருக்கிறது என்று காடி வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். ஒரே பம்பர், ஒருவனைப் புன்னகையோடு அனுப்பி வைக்கும், இன்னொருவனை ஓரம் கட்டி இறங்கச் சொல்லும். கறுத்த முகமும் தாழ்ந்த காடியும் சேர்ந்தால் எது நடக்கும் என்பதை மாற்றம் செய்த காடி ஓட்டிய எந்தத் தமிழ்ப் பையனிடமும் கேட்கலாம்.

பையன்களின் பக்கத்திலும் கணக்குத் தீர்க்க வேண்டியவை உண்டு. தவணை பாக்கி இருக்கும்போது பாடிகிட்டுக்குச் செலவழித்த வீடுகளில் அம்மாவின் நகை அடகுக்குப் போயிருக்கிறது. பிரேக்கும் டயரும் தேய்ந்து கிடக்க, முகத்துக்கு மட்டும் சாயம் ஏறியிருக்கிறது. எவோ முகம் வைத்ததும் எவோ வேகம் வந்துவிட்டதாக நம்பி நெடுஞ்சாலையில் உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். பாசிர் கூடாங்கில் 1986இல் திறக்கப்பட்ட பந்தயத் திடல் இருந்தது, 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம்கூட அங்கே நடந்தது. ஆனால் இரவில் சாலையில் ஓட்டிய பையனுக்கு அந்தத் திடலின் கதவு எட்டாத தூரம்.

பிறகு நடந்தது வழக்கமான வரலாறு. தெருவில் பிறந்ததை நிறுவனம் எடுத்துக்கொண்டது. புரோட்டோன் தன் பந்தயப் பிரிவுக்கு ‘ஆர்3’ என்று பெயர் வைத்தது, ரேஸ், ரேலி, ரிசர்ச் என்று விரிவு. அந்தப் பெயரில் முதலில் வந்த சத்ரியா ஆர்3 உண்மையிலேயே சீர் செய்யப்பட்ட காடி, சிறு எண்ணிக்கையில் வந்தது. 2021இல் சாகாவுக்கும் ஆர்3 பதிப்பு வந்தபோது இயந்திரம் சாதாரண சாகாவினுடையதே. கறுப்பு நிறம், மஞ்சள் கோடு, ஒட்டுவில்லை. பெரோடுவா 2011இல் மைவிக்கு 1.5 லிட்டர் இயந்திரம் தந்தபோது ‘எஸ்.இ.’, ‘எக்ஸ்ட்ரீம்’ என்று பாடிகிட்டோடே விற்றது. பிற்பாடு ‘கியர்அப்’ என்ற பெயரில் ஸ்கர்ட்டும் ஸ்பாய்லரும் விற்பனை நிலையத்திலேயே கிடைத்தன. காடியோடு சேர்த்துக் கடனிலேயே வாங்கலாம் என்றானது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஓரம் கட்டவில்லை.

2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டை வாங்கியது. 2018 டிசம்பரில் எக்ஸ்70 வந்தது. ஜீலி போயூ என்ற காடிக்குப் புலித் தலைச் சின்னமும் புதிய கிரில்லும் வைக்கப்பட்டன. அந்தக் கிரில்லின் கோலம் மலாய் சொங்கெட் நெசவிலிருந்து எடுத்ததாகப் பெருமையோடு சொன்னார்கள். அழகான கிரில்தான். 1985 சாகாவில் தொடங்கிய வேலை அப்படியே தொடர்கிறது: வேறெங்கோ பிறந்த உடலுக்கு நம் முகத்தை வைப்பது.

அதே வேலையைத்தான் அந்தப் பையனும் செய்தான். தனக்குக் கிடைத்த உடலுக்குத் தான் விரும்பிய முகத்தை வைத்தான். நிறுவனம் செய்தால் அது வடிவமைப்பு, நாடு செய்தால் அடையாளம். அவன் செய்தபோது மட்டும் அதற்கு ஒரு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

வீரா உற்பத்தி 2009இல் நின்றது. மிச்சமிருக்கும் வீராக்களைத் தேடி வாங்குபவர்கள் இப்போது இருக்கிறார்கள். தொழிற்சாலை பம்பரோடு, கை படாமல், ‘ஸ்டாண்டர்டா இருக்கா?’ என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. எவோ முகம் வைத்தவை பல பழைய இரும்புக்குப் போய்விட்டன. பட்டறைகளின் பின்புறத்தில் அங்கங்கே ஒரு ஃபைபர் பம்பர் சாயம் வெளுத்துக் கிடக்கும், அந்தப் பெரிய வாயைத் திறந்தபடி.

அந்த வாய்க்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று சொல்வது எளிது. அங்கே இன்டர்கூலர் மட்டும்தான் இல்லை.